எண்ணூர் எண்ணெய்: கருவி வாங்குவதா, ஆளைப் பழக்குவதா? (விவாத இழை)

முகத்துவாரம் | 2024 பிப்ரவரி 3, இரவு 9.10

2017 ஜனவரி 28 விடியற்காலை காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்ப் பாறைகளில் ஒட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் வெள்ளம். மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்தது. மறுபடியும் குவளை, ட்ரம், வெறுங்கை. அதற்குச் சில நாள் முன்புதான் குஜராத் வாடினாரில் கடலோரக் காவல்படையின் தேசிய ஒத்திகை நடந்து முடிந்திருந்தது. ஆராய்ச்சி, பயிற்சி என்று செலவழிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்துக்கு ஸ்கிம்மர், அதாவது தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெயை எடுக்கும் கருவி, வாங்கிக் குப்பத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன?

கரைமடி | பிப்ரவரி 3, இரவு 11.35

கொடுத்தாலும் எண்ணெய் வராது. காரணம் கணக்கில் இருக்கிறது.

ஸ்கிம்மரின் தகட்டில் மணிக்கு 100 கன மீட்டர் என்று எழுதியிருக்கும். அது சோதனைத் தொட்டியில் 75 மில்லிமீட்டர் தடிமனுக்கு எண்ணெய் ஊற்றி, அலை இல்லாமல் அளந்த அளவு. கடலில் எண்ணெய் அப்படி நிற்காது, பரவி மெலியும். இரண்டு படகுகள் ஒரு பூமை, அதாவது எண்ணெயை மறிக்கும் மிதக்கும் தடுப்பை, 30 மீட்டர் வாய் திறந்து இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 0.7 நாட், அதாவது நொடிக்கு 0.36 மீட்டர். படலம் 0.1 மில்லிமீட்டர். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 4 கன மீட்டர்கூட வராது. படலம் இன்னும் பத்தில் ஒரு பங்காக மெலிந்துவிட்டால் மணிக்கு 400 லிட்டர். நூறு கன மீட்டர் கருவி மீதி நேரமெல்லாம் தண்ணீரை உறிஞ்சும்.

அதனால்தான் அமெரிக்க விதிமுறையில் தகட்டில் உள்ள திறனை 24 மணி நேரத்துக்குப் பெருக்கி, அதில் 20 விழுக்காட்டை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். எண்ணெயை ஒதுக்கித் தடிமனாக்கித் தருவது பூமும் படகும். அவற்றைச் சரியாகப் பிடிப்பது பழகிய ஆட்கள்.

கரைமடி | பிப்ரவரி 4, காலை 7.20

பூம் என்றால் மேலே மிதவை, கீழே தண்ணீருக்குள் தொங்கும் துணி, அடியில் கனத்துக்குச் சங்கிலி. நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் 0.7 நாட்டில் தோற்றுவிடும். எண்ணெய் துணிக்கு அடியில் துளித்துளியாகக் கிழிபட்டுப் பின்பக்கம் எழும்பும். முன்னால் கறுப்பாகத் தேங்கி நிற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. பார்க்க வேண்டிய இடம் பூமின் பின்பக்கம்.

நீரோட்டம் வேகமாக இருந்தால் சாய்த்துக் கட்ட வேண்டும். நீரோட்டத்தின் திசைக்கும் பூமுக்கும் இடையே உள்ள கோணம் 1 நாட்டுக்கு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 1.5 நாட்டுக்கு 28. 2 நாட்டுக்கு 20. அப்படிச் சாய்த்தால் பூம் எண்ணெயைத் தடுத்து நிறுத்தாது, ஓரமாக ஒதுக்கித் தள்ளும். தள்ளிச் சேர்க்கிற ஓரத்தில் நீரோட்டம் தணிந்த ஒரு மூலை வேண்டும், ஸ்கிம்மர் அங்கே நிற்க வேண்டும். லாரி வந்து திரும்பப் பாதையும் அங்கேயே வேண்டும். அந்த மூலை எது என்பதை எண்ணெய் வந்த பிறகு தேடினால் காலம் போய்விடும்.

கரைமடி | பிப்ரவரி 4, காலை 7.55

மேலே சொன்ன 0.7 நாட் அமைதியான தண்ணீருக்கு. குறுகிய, செங்குத்தான அலை அடித்தால் அதற்கு முன்பே மேல்வழியாகத் தெறிக்கும். கடலுக்கென்று செய்த உயரமான பூமை ஆற்றில் போட்டால் ஆழமில்லாத இடத்தில் துணி தரையைத் தொட்டு மடங்கும், ஆற்றுக்கென்று செய்ததைக் கடலில் போட்டால் அலையில் முங்கும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று வாங்குவதுதான் வழக்கமான வீண்செலவு.

கரைமடி | பிப்ரவரி 6, மாலை 6.40

“கயிற்றைக் கட்டி நங்கூரம் போட்டால் பூம் நிற்காதா?” என்று ஒருவர் கேட்கிறார். விசையைக் கணக்கிடாமல் போட்டால் நிற்காது.

தண்ணீருக்குள் இருக்கும் பரப்பைச் சதுர மீட்டரிலும் நீரோட்டத்தை நாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு × வேகத்தின் வர்க்கம் × 100. விடை கிலோ விசையில் வரும். 100 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் துணி, அரை நாட் நீரோட்டம்: 1,500 கிலோ. அரை நாட் என்பது சாதாரண ஓட்டம். ஒரு நாட் ஆனால் 6,000. வெள்ளநீர் வடியும்போது முகத்துவாரத்தில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மேலே நிற்கும் பாகத்தில் காற்றின் விசை தனியாகச் சேரும். காற்றின் வேகத்தை 40ஆல் வகுத்து அதே சூத்திரத்தில் போட வேண்டும்.

15 கிலோ டான்போர்த் நங்கூரம் சேற்றில் தாங்குவது சுமார் 200 கிலோ. 35 கிலோ நங்கூரம் 600. ஆகவே ஒரு நீளத்துக்கு இரண்டு முனையில் இரண்டு நங்கூரம் போதாது, இடையிடையே பல வேண்டும். கயிறு ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி வேண்டும். இல்லையென்றால் இழுப்பு மேல்நோக்கி ஏறி நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

கழிமுகத்தில் ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறு மணிக்கு ஒருமுறை மாறும், நீரோட்டம் திரும்பும். காலையில் கடல்பக்கம் பார்த்துப் போட்ட நங்கூரம் மதியம் பயனில்லை. இரண்டு பக்கமும் போட வேண்டும், இரவிலும் ஆள் நிற்க வேண்டும். கரையைத் தொடும் இடத்தில் நீர்மட்டம் இறங்கினால் பூமின் முனை மணலில் சாய்ந்து இடைவெளி விழும். அதற்கென்று கீழே தண்ணீர், மேலே காற்று நிரப்பும் குழாய்வகைப் பூம் இருக்கிறது. நீளம் முழுவதற்கும் அது வேண்டாம், முனைத் துண்டு போதும்.

கரைமடி | பிப்ரவரி 6, இரவு 10.05

ஒரு சின்ன விஷயம், ஆனால் வேலையை நிறுத்துவது. பூம் துண்டுகளை இணைக்கும் முனை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துறைமுகத்தின் பூமும் காவல்படையின் பூமும் தனியார் ஆலையின் பூமும் ஒன்றோடொன்று சேராமல் போகலாம். இணைப்புத் துண்டுகளை முன்கூட்டியே செய்து பெட்டியில் வைக்க வேண்டும். பூட்டும் முள் கடலில் விழும், உதிரி முள் இரண்டு மடங்கு வேண்டும். சுருட்டி வைத்த பூமை வருடம் ஒருமுறையாவது முழு நீளத்துக்கு விரித்துப் பார்க்காவிட்டால் எலி கடித்ததும் மடிப்பில் துணி வெடித்ததும் விபத்து நாளில்தான் தெரியவரும்.

கரைமடி | பிப்ரவரி 9, இரவு 9.30

வாடினார் ஒத்திகையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். கப்பல்கள், விமானம், துறைமுகம், மாநில அரசு, எண்ணெய் நிறுவனம் எல்லாம் ஒரே கட்டளையின் கீழ் பேசிப் பழகுவதற்கு அது தேவை. தேசிய பேரிடர்த் திட்டத்தின்படி கடலில் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு. துறைமுக எல்லைக்குள் முதல் பொறுப்பு துறைமுகத்துக்கு. கரையில் மாநில நிர்வாகத்துக்கு. 2017இலும் 2023இலும் சிக்கிய இடம் இந்த மூன்றும் சந்திக்கிற கோடு. 2023இல் எண்ணெய் கடலில் சிந்தவே இல்லை, உள்நாட்டுக் கால்வாயில் தொடங்கியது. கப்பலை மையமாக வைத்து எழுதும் ஒத்திகைக் கதையில் அந்த நிலைமை வராது. அடுத்த ஒத்திகையில் ஒன்றாவது வெள்ளத்தோடு கால்வாய் வழியே வரும் எண்ணெயை வைத்து நடக்க வேண்டும்.

கரைமடி | பிப்ரவரி 10, காலை 8.15

“ஒத்திகையில் உண்மையான எண்ணெயா ஊற்றுகிறார்கள்?” பொதுவாக இல்லை. மேல்நாட்டில் பாப்கார்ன், ஆரஞ்சுப் பழம், மரத்தூள் போடுவார்கள். எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று காட்ட அது போதும். பாப்கார்ன் போட்டால் கடற்புறாக்கள் ஸ்கிம்மரை முந்திவிடும். அந்த நாள் மட்டும் நூறு விழுக்காடு மீட்பு என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் பழம் பூமுக்கு அடியில் கிழிபடாது, குழாயில் அடைக்காது, கையில் ஒட்டாது. உண்மையான எண்ணெயில் பழகத் தனி இடம் வேண்டும். இழையைத் தொடங்கிய முகத்துவாரம் நிறுத்தச் சொன்ன ஆராய்ச்சிச் செலவு முதலில் போக வேண்டியது அங்கேதான்.

கரைமடி | பிப்ரவரி 11, மாலை 5.00

நியூஜெர்சியில் லியோனார்டோ என்ற ஊரில் கடற்படை வளாகத்துக்குள் ஓம்செட் என்ற தொட்டி இருக்கிறது. நீளம் 203 மீட்டர், அகலம் 20, ஆழம் 2.4. உப்புநீர் கிட்டத்தட்ட ஒரு கோடி லிட்டர். மேலே ஓடும் பாலம் 6.5 நாட் வரை பூமையும் ஸ்கிம்மரையும் இழுக்கும், ஒரு மீட்டர் உயரம் வரை அலை எழுப்பலாம். 1970களில் கட்டியது, 1980களின் கடைசியில் மூடிப் போட்டார்கள். 1989 மார்ச் 24 எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டி சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் அலாஸ்காக் கடலில் போன பிறகுதான் திரும்பத் திறந்தார்கள், 1992இல்.

அங்கே என்ன நடக்கிறது? அளந்த எண்ணெயை ஊற்றி, ஓடவிட்டு, மீட்டதை மறுபடி அளக்கிறார்கள். இரண்டு எண்கள் முக்கியம்: நிமிடத்துக்கு எவ்வளவு எண்ணெய், எடுத்ததில் எண்ணெய் எத்தனை விழுக்காடு. கலிபோர்னியா சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணெய் ஒட்டும் உருளையின் மேற்பரப்பை வழவழப்பாக விடாமல் வரிவரியாகப் பள்ளம் வெட்டிப் பார்த்தார்கள். மீட்பு இரண்டு மடங்குக்கு மேல் போனது. 2011இல் அதே தொட்டியில் நடந்த போட்டியில் பள்ளம் வெட்டிய வட்டுகள் கொண்ட எலாஸ்டெக் கருவி நிமிடத்துக்கு 4,670 கேலன் எடுத்துப் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கியது. எடுத்ததில் எண்ணெய் 89.5 விழுக்காடு.

பிரான்சில் 1978 அமோகோ காடிஸ் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பிறகு பிரெஸ்ட் நகரில் செத்ர் மையம் தொடங்கினார்கள். அங்கே செயற்கைக் கடற்கரை இருக்கிறது. உண்மை எண்ணெயைக் கரையில் ஊற்றி, பயிற்சிக்கு வந்தவர்களே அள்ளிக் கழுவி முடிக்க வேண்டும். நார்வேயில் அனுமதி வாங்கி வடகடலிலேயே எண்ணெய் விட்டுச் சோதிக்கிறார்கள்.

நமக்கு ஓம்செட் அளவு தேவையில்லை. 30 டிகிரி வெயிலில், வங்கக்கடல் உப்பில், கப்பல் எரிபொருள் எண்ணெயைச் சோதிக்க ஒரு சிறிய தொட்டி போதும். குளிர்நாட்டு எண்களை அப்படியே எடுத்தால் பிசுக்கும் ஆவியாகும் வேகமும் இரண்டுமே பொருந்தாது.

கரைமடி | பிப்ரவரி 14, இரவு 10.50

2017இல் உறிஞ்சு லாரிகளை, சூப்பர் சக்கர் என்கிறோமே, அவற்றைக் கொண்டுவந்தும் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு.

அங்கே சிந்தியது கப்பலின் கனத்த எரிபொருள். இந்த வகையை 50 டிகிரியில் சூடாக்கித்தான் பிசுக்கு அளக்கிறார்கள், கப்பலிலும் சூடாக்கித்தான் பம்ப் செய்கிறார்கள். கடல்நீரில் ஆறினால் பல மடங்கு கெட்டிப்படும். அதோடு அலை அதைக் கடைந்து தண்ணீரை உள்ளே புகுத்தும். 75 விழுக்காடு தண்ணீர் புகுந்தால் ஒரு டன் எண்ணெய் நான்கு டன் குழம்பாகும். அதற்குள் குப்பை, பாசி, மணல். சாக்கடைக்கென்று செய்த உறிஞ்சுக் குழாயில் அது நகராது. வெற்றிடம் தரும் இழுப்புக்கு ஓர் எல்லை உண்டு; பாறை உயரத்துக்கு மேல் லாரி, நீண்ட குழாய், கெட்டிக் குழம்பு என்றால் அடைத்துக்கொள்ளும்.

செய்யக்கூடியது இது. குழாய் முடிந்தவரை குட்டையாக, விட்டம் பெரிதாக. சுழல்விசிறிப் பம்ப் கூடாது, அது இன்னும் கடையும். திருகுப் பம்ப் வேண்டும். குழாயின் உட்சுவரை ஒட்டி மெல்லிய வளையமாகத் தண்ணீரைச் செலுத்தினால் குழம்பு அதன் மேல் வழுக்கிப் போகும், அழுத்தம் வெகுவாகக் குறையும். இந்த வளையத் தண்ணீர் முறை பல வருடச் சோதனையில் தேறியது. கருவியும் பெரிதல்ல, ஒரு உலோக வளையமும் சிறு பம்பும். ஸ்கிம்மரில் வட்டத் தட்டு சுழலும் வகை வேண்டாம், தூரிகை சுழலும் வகை வேண்டும். எண்ணெயை விளிம்பு வழியே உள்ளே வழியவிடும் அணைவகை தண்ணீரையே அதிகம் வாங்கும்.

வாளிக்கும் இடம் உண்டு. பாறை இடுக்கில் தேங்கிய கெட்டி எண்ணெயை எடுக்க வாளியும் நீண்ட கைப்பிடிக் கரண்டியும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். குறை வாளியில் இல்லை. கையுறை, முகமூடி, அள்ளியதை ஊற்றத் தொட்டி, நேர அளவு, கூலி எதுவும் இல்லாமல் வாளியை மட்டும் கொடுத்ததுதான் குறை.

கரைமடி | பிப்ரவரி 17, காலை 6.30

1989இல் அலாஸ்காவிலும் வாளிதான். கோர்டோவா ஊர் மீனவர்கள் யாரும் கூப்பிடாமல் சொந்தப் படகில் போய், சால்மன் குஞ்சுப் பண்ணைகளைச் சுற்றிக் கிடைத்த பூமைக் கட்டிக் காப்பாற்றினார்கள், வாளியில் எண்ணெய் அள்ளினார்கள். அதன் பிறகு அங்கே நடந்தது நமக்கு முக்கியம். அலாஸ்கா எண்ணெய்க் குழாய்வழி நிறுவனத்தின் மீட்புப் பிரிவு இன்று சுமார் 400 மீன்பிடிப் படகுகளை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. வருடந்தோறும் பயிற்சி. வகுப்பு பாதி, கடலில் பூம் இழுப்பது பாதி. பயிற்சி நாளுக்குப் பணம் உண்டு. செலவு மாசுக்குக் காரணமாகக்கூடிய தொழிலின் தலையில், அரசின் தலையில் இல்லை.

காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் எப்படியும் இறங்குவார்கள். 2023இல் இறங்கினார்கள். இறங்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்து, ஒப்பந்தம் போட்டு, காப்பீடு செய்து வைப்பதில் என்ன தடை? முகத்துவாரம் கேட்டதற்கு என் பதில் இது: குப்பத்துக்கு ஒரு ஸ்கிம்மர் வேண்டாம், குப்பத்துக்கு நான்கு பழகிய படகு வேண்டும்.

கரைமடி | பிப்ரவரி 18, இரவு 9.00

ஃபைபர் படகுக்கு என்னென்ன என்று இரண்டு பேர் கேட்டதால்.

மெதுவாகப் போவதுதான் முதல் பாடம். வெளிப்பொருத்து இன்ஜின் மிகக் குறைந்த சுழற்சியிலும் 0.7 நாட்டுக்கு மேல் தள்ளும். பின்னால் வாளி அல்லது கடல்நங்கூரம் (தண்ணீரில் இழுபடும் துணிக்குடை) ஒன்றை இழுத்துவிட்டு வேகத்தைக் கொல்ல வேண்டும். இரண்டு படகில் ஒன்று முன்னே, ஒன்று பின்னே போனால் பூம் ‘ஜே’ வடிவில் நிற்கும், குறும்பக்கத்தில் எண்ணெய் சேரும். இரண்டு படகுக்கும் ஒரே ஆள் கட்டளை சொல்ல வேண்டும், பூமின் பின்பக்கம் தெரிகிற இடத்திலிருந்து.

இன்ஜின் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரில் கெட்டி எண்ணெய் போனால் அடைத்துச் சூடாகி நிற்கும். கனத்த படலத்துக்குள் படகைச் செலுத்தக் கூடாது, ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் கூண்டுத் தொட்டியைப் படகில் ஏற்றுவது ஆபத்து: பாதி நிரம்பியபோது உள்ளே அலைந்து படகைப் புரட்டும். மிதக்கும் பையில் ஊற்றி இழுத்துவர வேண்டும், அல்லது சிறிய மூடி ட்ரம்களை நடுவில் கட்டி வைக்க வேண்டும். தரையில் சாக்கு விரிக்க வேண்டும், இல்லையேல் வழுக்கும்.

பிறகு, இரும்பு விதி: சேமிக்க இடம் இல்லாமல் மீட்கத் தொடங்கக் கூடாது. பெரும்பாலான ஸ்கிம்மர் நிற்பது தொட்டி நிரம்பியதால்தான்.

கரைமடி | பிப்ரவரி 18, இரவு 9.25

உடல்நலம். இதைத் தனியாக எழுதுகிறேன், யாரும் தாண்டிப் போகக் கூடாது.

புது எண்ணெய் என்றால் முதல் மணிநேரங்களில் பென்சீன் ஆவி. வாயு அளக்கும் மீட்டர் இல்லாமல் இறக்கக் கூடாது. ஆவி தீப்பற்றத் தொடங்கும் அளவில் 10 விழுக்காட்டை மீட்டர் காட்டினால் எல்லாரும் வெளியேற வேண்டும். நைட்ரைல் கையுறை, முழங்கை வரை. பருத்திக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடிக்கும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. தோலில் பட்டதைப் பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் கொண்டு துடைக்கவே கூடாது, அது எண்ணெயை உள்ளே ஏற்றும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துப் பிறகு சோப்பு. சென்னை வெயிலில் முழு உடுப்புப் போட்டவருக்குக் குறுகிய வேலைநேரம், நிழல், உப்பு கலந்த தண்ணீர் மூன்றும் வேண்டும். எண்ணெய் பட்ட உடையோடு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கும் சேரும். கழற்றிக் கழுவும் இடம் கரையிலேயே இருக்க வேண்டும்.

கரைமடி | பிப்ரவரி 22, மாலை 4.10

இலவம் பஞ்சை வைத்து எண்ணெயை உறிஞ்சலாமா என்று வந்த கேள்வி நல்ல கேள்வி. அதன் இழை உள்ளே வெற்றுக்குழாய், மேலே மெழுகு. தண்ணீரை ஒட்டவிடாது, டீசல் போன்ற இளகிய எண்ணெயை எடையைப் போல் பல மடங்கு எடுக்கும். நம் ஊரில் கிடைப்பது. ஆனால் கெட்டி எண்ணெய் இழைக்குள் புகாது, மேலே பூசிக்கொள்ளும். தளர்வாகத் தூவினால் காற்றில் பறந்து அதுவே இன்னொரு குப்பை. வலையில் தைத்து உருளையாக, கடைசிப் பளபளப்பை எடுக்க மட்டும் என்றால் சோதித்துப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வகங்கள் குவளைத் தண்ணீரில் டீசல் ஊற்றி அளப்பதோடு நிறுத்திவிடுகின்றன. அலையில் ஒரு நாள் கிடந்த பஞ்சு, பிழிந்து இரண்டாம் முறை போட்ட பஞ்சு, அதை அப்புறப்படுத்தும் செலவு: இவற்றை அளந்த ஆய்வுதான் களத்துக்கு உதவும்.

கரைமடி | பிப்ரவரி 22, மாலை 4.30

எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் மருந்து தெளிக்கலாமா? கழிமுகத்தில் கூடாது. ஆழமில்லை, கலங்க இடமில்லை. எண்ணெய் இறால் குஞ்சுகளின் மேல் போய் இறங்கும். கெட்டிப்பட்ட எரிபொருள் எண்ணெயில் பெரும்பாலும் வேலையும் செய்யாது.

கரைமடி | பிப்ரவரி 27, இரவு 11.15

கரைக்கு வந்த பிறகு. அள்ளும்போது எண்ணெயை மட்டும் அள்ளுவது ஒரு திறமை. மண்வாரி இயந்திரம் இறக்கினால் எண்ணெயை மணலுக்குள் மிதித்துப் புதைக்கும், கழிவு பத்து மடங்காகப் பெருகும். தட்டை மண்வெட்டியால் மேல்தோலை மட்டும் சீவ வேண்டும். திரவம், எண்ணெய் மணல், எண்ணெய் பட்ட பிளாஸ்டிக், கையுறை ஆகியவற்றை அள்ளும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சாதாரணச் சாக்கு வெயிலில் சில வாரத்தில் இற்றுவிடும். 2017இல் அள்ளிய கழிவைத் துறைமுக வளாகத்தில் நுண்ணுயிர் கொண்டு சிதைத்தார்கள்; அப்படிச் செய்யவும் மணல் விகிதம், ஈரம், காற்று, நேரம் வேண்டும்.

பாறையைச் சூடான அழுத்த நீரால் கழுவுவதில் நிதானம் தேவை. அலாஸ்காவில் அப்படிக் கழுவிய கரைகளில் சிப்பியும் பாசியும் எண்ணெயில் செத்ததைவிட வெந்நீரில் அதிகம் செத்தன என்று பிறகு ஆய்வுகள் காட்டின. தூண்டில் வளைவுப் பாறையில் சிப்பி பொறுக்கிப் பிழைப்பவர் இருக்கும் இடத்தில் பாறை பளிச்சென்று தெரிவது முக்கியமல்ல.

கரைமடி | மார்ச் 2, காலை 7.45

கடைசியாக வந்த கேள்வி: படகிலிருந்து பார்த்து எவ்வளவு எண்ணெய் என்று சொல்ல முடியுமா? அளவு சுமாராகச் சொல்லலாம், நிறத்தை வைத்து. வெள்ளிப் பளபளப்பு என்றால் தடிமன் 0.3 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). வானவில் நிறம் 0.3 முதல் 5. உலோகப் பளபளப்பு 5 முதல் 50. அதன் சொந்தக் கறுப்பு நிறம் தொடர்ச்சியாகத் தெரிந்தால் 200க்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டர் வானவில் என்றால் 300 முதல் 5,000 லிட்டர். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அள்ள ஒன்றுமில்லை. அதே பரப்பில் உலோக நிறம் 5,000 முதல் 50,000 லிட்டர். படகை எங்கே அனுப்புவது என்பதை இது முடிவு செய்யும்: கறுப்புக்கு முதலில், வானவில்லுக்கு வேண்டாம்.

எங்கே போகும்? நீரோட்டம் முழுதாகவும் காற்றின் வேகத்தில் 3 விழுக்காடும் சேர்த்தால் எண்ணெயின் நகர்வு கிடைக்கும். 15 நாட் காற்றுக்கு 0.45 நாட். கடலில் இதை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காயிஸ் கணினி மாதிரியில் கணித்துத் தருகிறது. கால்வாய்க்கும் கழிமுகத்துக்கும் ஆழம், மணல்திட்டு, மதகு நிலை எல்லாம் தெரிந்த உள்ளூர் அளவீடு வேண்டும். முகத்துவாரம் மணலால் பாதி அடைபட்டிருக்கும் மாதத்திலும் வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும் மாதத்திலும் ஓட்டம் வேறு. ஏற்றத்திலும் வற்றத்திலும் மிதவை போட்டு நேரம் குறித்து, பாலத்தருகே, கால்வாய் சேரும் இடம், முகத்துவாரம் மூன்றிலும் அளந்து எழுதி வைத்தால் போதும். மேலே சொன்ன கோணமும் நங்கூர எண்ணிக்கையும் அந்த மூன்று எண்களிலிருந்துதான் வரும். மிதவைக்கு ஆரஞ்சுப் பழமே போதும், கடிகாரமும் 20 மீட்டர் கயிறும் கூட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழையில் ஒரு முறை.